எட்டாம் வகுப்பு பி பிரிவின் டைரி

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள் பள்ளிக்கூடம். மணி அடித்துப் பிள்ளைகள் ஓடியதும் ஆசிரியர்கள் எல்லோரும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அந்த வாரத்து டைரியை எழுதுவோம். மனசில் இருப்பதைக் கொட்டுகிற டைரி என்று நினைத்துவிடாதீர்கள். இது பாடம் நடத்தியதற்கான டைரி. பக்கத்துக்கு இரண்டு கட்டம். இடது கட்டத்தில் இன்றைக்கு நடத்த வேண்டிய பாடம். வலது கட்டத்தில் நடத்திய பாடம். எந்த வாரத்தில் எந்தப் பாடம், அதற்கு எத்தனை பீரியட் என்று ஜூன் மாதமே வருடத் திட்டம் வந்துவிடும். அதைப் பார்த்து இடது கட்டத்தை நிரப்புவோம். இடது கட்டத்தைப் பார்த்து வலது கட்டத்தை நிரப்புவோம். திங்கட்கிழமை காலையில் ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லா டைரியிலும் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்.

எங்கள் கன்னட ஆசிரியருக்கு நல்ல கணீர்க் குரல். அவர் நாட்காட்டியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவார். "புதன்கிழமை மழை லீவு. மறந்துபோய் யாரும் அன்னிக்குப் பாடம் நடத்திடாதீங்கப்பா!" எல்லோரும் சிரிப்போம். ஒரு வருடம் விடுமுறை நாளன்று டைரியில் முக்கோணம் நடத்தி முடித்துவிட்ட புண்ணியவதி நான்தான். அந்தக் கேலி இன்னும் ஓயவில்லை.

பொய்தானே என்று கேட்பீர்கள். பொய்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எட்டாம் வகுப்புக்கு வந்து சேர்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வகுத்தல் வராது. பழைய பாடத்தை நினைவுபடுத்த ஜூனில் இரண்டு வாரம் கொடுப்பார்கள். இரண்டு வாரத்தில் எதை நினைவுபடுத்துவது? மனசில் ஏறியிருந்தால் அல்லவா நினைவுபடுத்த முடியும்! அதனால் நான் பதினெட்டு வருடமாக வகுப்பில் பிள்ளைகளுக்கு வேண்டியதை நடத்தினேன், டைரியில் ஆபீசுக்கு வேண்டியதை எழுதினேன். என் வகுப்பில் எதை நடத்துவது என்று முடிவு செய்ய எனக்குக் கிடைத்த இடமே அந்த இடுக்குதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த வருடம் ஜூனில் எட்டாம் வகுப்பு பி பிரிவுக்குப் புதிதாக ஒரு கணக்கு டீச்சர் வந்தார். ஏ பிரிவு என்னுடையது. அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். வந்த அன்றைக்கே, நான் போனில் அம்மாவிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து, "ஏனுங்க்கா, நீங்க தமிழுங்களா?" என்றார். ஹனூர் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக் காட்டோரத்தில் ஒரு ஊர் அவருக்கு. பேச்சில் அப்படியே கோயம்புத்தூர்ப் பக்கத்து வாடை. எங்கள் வீட்டில் ரயில்வே வேலைக்கு வந்த அப்பா காலத்திலிருந்தே தமிழும் கன்னடமும் பிசைந்துதான் பேசுவோம். அவர் பேசும்போது காதுக்குச் சுகமாக இருக்கும்.

அதுவரை அவர் ஊர்ப் பக்கத்தில் ஒரே அறையில் ஐந்து வகுப்பும் நடக்கிற சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்திருந்தார். ஒரே மகள். அந்தப் பெண்ணுக்கு இங்கே மைசூரில் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. கணவர் இல்லை. மகளை ஹாஸ்டலில் தனியாக விட மனம் வராமல் நஞ்சன்கூட்டில் ஒரு வீடு எடுத்து, இருவரும் தினம் ஒரே ரயிலில் வந்து போனார்கள். எங்கள் பள்ளியில் அவருக்கு ஒப்பந்த வேலைதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நிர்வாகம் பார்த்து நீட்டிக்கும். "இந்த வேல நிக்குமுங்களாக்கா? நின்னாத்தான் நானும் பொண்ணும் ஒண்ணா இருக்கலாமுங்க. இல்லாட்டி அவள இங்க உட்டுப்போட்டு நான் ஊருக்குப் போகோணும்" என்று முதல் வாரமே என்னிடம் சொன்னார்.

"ஏன் நிக்காது? உங்களை யாரு அனுப்பப் போறாங்க? சும்மா இருங்க" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்வதில் எனக்கு என்ன குறை!

ஜூலை தொடக்கத்தில் ஒரு நாள் இடைவேளையில் ஒரு கட்டு நோட்டுப் புத்தகத்தோடு என் மேஜைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டை ஆறால் வகுக்கச் சொல்லியிருக்கிறார். வகுப்பில் பாதிக்கு மேல் பன்னிரண்டு என்று எழுதியிருந்தார்கள். நடுவில் இருக்கிற ஒன்றில் ஆறு போகாது, அங்கே ஒரு பூஜ்யம் போட வேண்டும் என்பது தெரியவில்லை. அறுநூறு மாங்காயை ஆறு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்குப் பன்னிரண்டு எப்படி வரும் என்று ஒரு பிள்ளைக்கும் சந்தேகம் எழவில்லை.

"பாடப் புத்தகத்துல நேரியல் சமன்பாடு நடத்தோணுமுங்க. இவுங்களுக்கு இதே வரலீங்களே. என்னுங்க்கா பண்றது?" என்றார்.

"பாடத்தை மூட்டை கட்டி வைங்க. வகுத்தல்லேந்து ஆரம்பிங்க. ஒரு மாசம் ஆனாலும் பரவாயில்லை. நானும் ஏ செக்‌ஷன்ல அதைத்தான் பண்றேன்" என்றேன்.

"ஆருமே ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"யாரு சொல்றாங்க? வகுப்புக் கதவைச் சாத்திட்டா நீங்கதான் ராணி. டென்ஷன் ஆகாதீங்க."

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்றைக்கே தொடங்கிவிட்டார். டைரி வேறு, வகுப்பு வேறு என்று அவரிடம் ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. இருபது பேர் சனிக்கிழமைதோறும் ஒன்றாக உட்கார்ந்து செய்கிற காரியம், அது தெரியாத டீச்சர் ஒருத்தி இருப்பாள் என்று யார் நினைப்பார்கள்? அவரோ சனிக்கிழமை மணி அடித்ததும் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார். எங்களோடு ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. ஓரறைப் பள்ளியில் எந்தப் பிள்ளை எதில் நிற்கிறது என்று மறுநாள் தெரிவதற்காகத் தினமும் நடந்ததை நடந்தபடி எழுதிப் பழகியவர். இங்கேயும் அப்படியே எழுதினார். ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு வரி படிக்காமல் எல்லாப் பக்கத்திலும் முத்திரை குத்தினார்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் நடத்தின விதமே தனி. மதியம் நான் அந்தப் பக்கம் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டி, நூறு நூறாகப் பிரித்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துப் பங்கு போடச் சொல்வார். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், வாயே திறக்காத பிள்ளை. அது ஒரு நாள் எழுந்து நின்று, "மிஸ், இங்கே ஒருத்தருக்கும் கிடைக்கலைன்னு சொல்றதுக்குத்தான் பூஜ்யமா?" என்று கேட்டது. நானே ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். பிறகு அவர்கள் இரண்டு இலக்க எண்ணால் வகுக்கத் தொடங்கினார்கள்.

ஆகஸ்டில் இன்ஸ்பெக்‌ஷன் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. நான் அன்றைக்கே ஏ பிரிவில் வகுத்தலை நிறுத்திவிட்டு ஓட்டமாக ஓடிப் பாடத்தைப் பிடித்தேன். பி பிரிவு டீச்சரிடம், "இன்ஸ்பெக்‌ஷன் வருதாம், டைரியெல்லாம் சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். "ஒரு நாளு உடாம எழுதியிருக்கறனுங்க்கா" என்றார். சரி என்று நானும் நிம்மதியாகப் போய்விட்டேன்.

வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். தானும் முன்னால் கணக்கு வாத்தியார்தான் என்றார். காலையில் வேறொரு பள்ளியை முடித்துவிட்டு, மழையில் நனைந்து, களைத்துப்போய் வந்திருந்தார். ஸ்டாஃப் ரூமில் எல்லோரையும் வைத்துக்கொண்டே டைரிகளைப் புரட்டினார். என்னுடையதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அடுத்தது பி பிரிவினுடையது. ஒரு பக்கம் திருப்பினார். மறுபடி திருப்பினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கன்னடத்தில் சத்தமாகப் படித்தார்.

"'நடத்த வேண்டியது, நேரியல் சமன்பாடு. நடத்தியது, வகுத்தல். ஏழு பேருக்குப் புரிந்தது. பதினான்கு பேருக்கு நாளைக்கும் சொல்ல வேண்டும்.' மறுநாள். 'நடத்த வேண்டியது, நேரியல் சமன்பாடு. நடத்தியது, வகுத்தல். நேற்றைய பதினான்கில் ஒன்பது பேருக்குப் புரிந்தது.' என்ன மேடம் இது?"

பி பிரிவு டீச்சர் எழுந்து நின்று, "நடந்ததைத்தான் எழுதியிருக்கேன் சார்" என்று தன் கன்னடத்தில் சொன்னார். அந்தக் குரலில் பயமே இல்லை. தப்பு செய்தோம் என்று தெரிந்தால்தானே பயம் வரும்!

அதிகாரி பி பிரிவுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். எண்ணூற்று இருபத்து நான்கை எட்டால் வகுக்கச் சொல்லிப் போர்டில் எழுதினார். மூன்றாவது பெஞ்சுப் பெண் வந்து நூற்று மூன்று என்று எழுதிவிட்டு, கேட்காமலே, நடுவில் பூஜ்யம் ஏன் வந்தது என்றும் விளக்கியது. அவர் அதன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

வெளியே வந்ததும் சொன்னார்: "மேடம், நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருக்கீங்க. ஆனா இது கீழ் வகுப்புக் கணக்கு. அரைப் பரீட்சை எல்லாப் பள்ளிக்கும் ஒரே கேள்வித்தாள். நாலு பாடம் நடக்கவே இல்லை. இந்தப் பிள்ளைங்க வெறும் பேப்பரைக் குடுத்துட்டு வந்தா அப்போ நீங்க பதில் சொல்லுவீங்களா?"

அதிலும் நியாயம் இருந்தது. ஆளுக்கு ஒன்று நடத்திக்கொண்டு போனால் கொஞ்சநஞ்சம் தெரிந்த பிள்ளைகளும் எங்கேயாவது மாட்டிக்கொள்ளும் என்று நானே பல தடவை சொன்னவள்தான். அதோடு விட்டிருக்கலாம். அவர் திரும்பி என் டைரியைத் தூக்கிக் காட்டினார்.

"அதே ஸ்கூல், அதே வகுப்பு, அதே மாதிரிப் பிள்ளைங்க. இந்த மேடம் ஒரு பாடம் பாக்கி வைக்கலையே! எப்படி மேடம் முடிச்சீங்க? இவங்களுக்கும் சொல்லுங்களேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து எழுதியவர்கள் அல்லவா? ஏ பிரிவுக்குள் அவர் ஒரு நடை போய் அதே கணக்கைப் போட்டிருந்தால், என் பிள்ளைகளில் பாதி பதின்மூன்று என்று எழுதியிருக்கும். அவர் போகவில்லை. என் டைரிதான் சரியாக இருந்ததே.

"பாடத்தோட சேர்த்தே ரிவிஷனும் பண்ணிடுவேன் சார்" என்றேன். என் வாயாலேயே சொன்னேன். பி பிரிவு டீச்சர் என்னை ஒரு தடவை பார்த்தார். கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். புரியாமல் பார்த்தார். பிறகு மெல்லப் புரிந்து, பார்வையை டைரிக்குத் திருப்பிக்கொண்டார்.

அதிகாரி போனதும் ஹெட்மிஸ்ட்ரஸ் கொதித்துப்போனார். பாவம், அவருக்கும் வேறு வழியில்லை. அந்த டைரியின் ஒவ்வொரு பக்கத்திலும் அவருடைய முத்திரை இருந்தது. படிக்காமல் குத்தினேன் என்று எப்படிச் சொல்வார்? மறுநாள் பி பிரிவு டீச்சருக்கு மெமோ கொடுத்தார். பதில் வாங்கும்போது சீனியர் என்று என்னையும் அறைக்குள் உட்காரவைத்தார்.

"யாரைக் கேட்டு வருடத் திட்டத்தை மாத்தினீங்க? யாராவது சொன்னாங்களா? சொல்லியிருந்தா இப்பவே சொல்லிடுங்க. எழுதிக்கறேன்" என்றார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நான்தான் சொன்னேன் மேடம் என்று மூன்றே வார்த்தை. என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஹெட்மிஸ்ட்ரஸ் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். அதற்கடுத்து வரிசையில் நான். மெமோ ஒன்று ஏறினால் அது போச்சு. என்னுடையது நிரந்தர வேலை, யாரும் என்னை வீட்டுக்கு அனுப்ப முடியாது. எதிரே நிற்கிறவளுக்கு வேலையே போகும். இந்த இரண்டும் எனக்கு அந்த நிமிடமே தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் சுவரில் இருந்த டைம் டேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லலை மேடம். நானா செஞ்சதுதான்" என்றார் அவர்.

அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு பிரிவும் ஒன்றாகப் போவதுதான் பள்ளியின் வழக்கம் என்று ஒரு தாளில் என்னிடமும் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். ஆகஸ்ட் கடைசியில் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

கடைசி நாள் அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். என்னிடம் வந்தபோது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பொண்ண ஹாஸ்டல்ல சேத்தியாச்சுங்க்கா. அழுதா. பளகிப்பா. உங்க நம்பர் அவகிட்ட குடுத்திருக்கறன், அவசரத்துக்கு" என்றார். அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த பீரியடுக்குப் போனேன்.

பி பிரிவையும் என்னிடமே கொடுத்தார்கள். அவர் எழுதிய டைரியும் அதோடு வந்தது. எந்தப் பிள்ளைக்கு எது வரும், எது வராது, யார் எங்கே நிற்கிறார்கள், எல்லாம் அதில் இருந்தது. பதினெட்டு வருடத்தில் ஒரு வகுப்பைப் பற்றி அவ்வளவு தெரிந்துகொண்டு நான் உள்ளே போனதில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து நடத்துவது, அதையாவது செய்வது என்று சத்தியமாக நினைத்துக்கொண்டுதான் போனேன்.

ஆனால் இப்போது ஹெட்மிஸ்ட்ரஸ் ஒவ்வொரு டைரியையும் வரிவரியாகப் படித்தார். வாரம் ஒரு முறை பிள்ளைகளின் நோட்டையும் வாங்கி டைரியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சனிக்கிழமைக் கச்சேரி நின்றுபோயிற்று. அரைப் பரீட்சைக்கு மூன்று வாரம், நாலு பாடம். நான் போர்டில் எழுதினேன், அவர்கள் நோட்டில் எழுதினார்கள். மூன்றாவது பெஞ்சுப் பெண் இரண்டு தடவை எழுந்து நின்றது. ஆயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டை இருபத்து நான்கால் வகுக்கும்போது முதலில் எத்தனை முறை போகும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அந்த மிஸ் பாதி சொல்லியிருந்தார்கள் என்று கேட்டது. "அப்புறம் சொல்றேன், உட்காரு" என்றேன். மூன்றாவது தடவை அது எழுந்திருக்கவில்லை. பரீட்சையில் பி பிரிவு எப்படியோ கரையேறிவிட்டது. சமன்பாட்டின் படிகளை மனப்பாடமாகவே எழுதியிருந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பாராட்டினார்.

தசரா லீவில் ஒரு நாள் காலை, தெருவெல்லாம் விளக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த சமயம், அவரிடமிருந்து போன் வந்தது. நான் காய்கறிப் பையோடு கடை வாசலில் நின்றிருந்தேன். மகள் லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறாள், இளைத்துவிட்டாள் என்றார். தனக்குப் பழைய பள்ளிக்கூடத்தில் இன்னும் இடம் கிடைக்கவில்லை என்றார். எனக்குத் தாங்கவில்லை. நடுத்தெருவில் நின்றுகொண்டே கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு ஏன் என் பேரைச் சொல்லலை? நான்தானே உங்களை வகுத்தல் நடத்தச் சொன்னேன்? சொல்லியிருந்தா உங்களுக்குக் கொஞ்சமாவது நியாயம் கிடைச்சிருக்கும். என் மேல கோபம் வரலையா?"

"வந்துதுங்க்கா. வராம இருக்குமா? ரயில்ல அழுதுட்டேதான் போனனுங்க" என்றார். "ஆனா உங்களையும் மாட்டிவுட்டா அப்புறம் அந்தப் புள்ளைங்களுக்கு ஆருங்க இருக்கறா? வகுத்தல் சொல்லிக்குடுக்கோணும்னு நெனைக்கற ஒரே ஆளு நீங்கதானுங்க. நீங்க இருந்தா எப்புடியாச்சும் கதவச் சாத்திட்டுச் சொல்லிக்குடுத்துருவீங்கன்னு தெரியுமுங்க."

நான் காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டேன்.

"அந்த மூணாவது பெஞ்சுப் புள்ள, ரெண்டு இலக்கத்துல பாதியில நின்னுட்டிருந்தாளே. அது ஒண்ணுதான் மனசுல கெடந்து அரிச்சுட்டே இருக்குதுங்க. அவளுக்கு முடிச்சுக் குடுத்துட்டீங்களா?"

"முடிச்சாச்சு" என்றேன்.

"அப்பாடா. இப்பத்தானுங்க்கா நிம்மதி" என்றார். பக்கத்தில் இருந்த மகளிடமும் அதைச் சொன்னது எனக்குக் கேட்டது.